விசில் வராத பதினொன்று

"கால் ரெண்டும் பதினொண்ணு" என்றான் மேடையில் இருந்த கிரெய்க். பிங்கோ மண்டபம் முழுக்க விசில் பறந்தது. தெல்மாவிடமிருந்து மட்டும் வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நெவிலுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பதினொன்று வந்தால் விசிலடிப்பது இங்கே வழக்கம். ஒன்றும் ஒன்றும் நின்றால் இரண்டு கால், காலைப் பார்த்தால் விசில், அவ்வளவுதான் விஷயம். மற்றப் பெண்கள் உதட்டைக் குவித்துக் கடமைக்கு ஊதுவார்கள். தெல்மா அப்படி இல்லை. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அடித்தாளானால் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். மீன் வெட்டும் கொட்டகையில் ஐஸ் வண்டிக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய விசில் அது.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டான் கிரெய்க். "நாலும் ஏழும், நாற்பத்தேழு."

நெவில் தன் தாளில் தேடிப் பச்சை மையால் பொட்டு வைத்தான். ஆறு சீட்டு சேர்ந்தது ஒரு தாள். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எல்லா எண்ணும் அந்த ஆறுக்குள் எங்காவது ஓர் இடத்தில் இருக்கும். அதனால் எந்த எண் வந்தாலும் எல்லாருடைய கையும் ஒரு தடவை இறங்கி எழும்பும். தெல்மாவின் வலது கை இறங்கும்போதெல்லாம் அவள் முழங்கை நெவிலின் இடது கையில் லேசாக இடிக்கும். இரண்டு வருஷமாக, செவ்வாயும் வெள்ளியும், அந்த இடிக்கு அவன் உடம்பு பழகியிருந்தது.

நாற்பத்தேழுக்கு இடி விழவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது. அடுத்தவர் தாளில் கண் வைப்பதும் அடுத்தவர் கைப்பையில் கை வைப்பதும் இங்கே ஒன்றுதான். ஒரு தடவை அவள் தும்மினபோது ஓர் எண்ணைத் தவறவிட்டாள் என்று நினைத்து நெவில் விரல் நீட்டிக் காட்டிவிட்டான். "என் பேப்பரு, என் கண்ணு, என் பேனா. உனக்கு என்னய்யா அங்க வேல?" என்றாள். அதன்பிறகு இரண்டு வாரம் அவனை ஒரு காலி நாற்காலியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அந்த இரண்டு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அவனுக்கு அந்த மேஜையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. முப்பத்தெட்டு வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை நகரசபைக் குப்பை லாரியின் பின்னால் ஓடியவன். மனைவி ஐரிஸ் இறந்துபோனபிறகு வீட்டுக்குள் முடங்கிவிட்டான். ஒருநாள் ரொட்டிக் கடையில், "வேற என்ன வேணும்" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. எத்தனை நாள் பேசாமல் இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. பயந்துபோய் வைத்தியசாலைக்குப் போனால் தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கிருந்த நர்ஸ் மாத்திரைக்குப் பதிலாக இந்த மண்டபத்தின் விலாசத்தைச் சொன்னாள். கிழவிகள் ஆட்டத்துக்கு என்னை அனுப்புகிறாளே என்று அவனுக்குக் கோபம். ஆனாலும் வந்தான்.

முதல்நாள் இந்த மேஜையில் இடம் கேட்டு நின்றபோது தெல்மாதான் வாயைத் திறந்தாள். "யாருய்யா நீ?"

நர்ஸ் அனுப்பியதைச் சொன்னான்.

"பிங்கோவையே மருந்தா எழுதிக் குடுத்துட்டாங்களா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எதிரே இருந்த பாலின் தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நெவிலும் சிரித்தான். ஐரிஸ் போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. குப்பை வண்டியில் வேலை செய்தவன் என்று தெரிந்ததிலிருந்து அவன் பெயர் இந்த மேஜையில் குப்பைக்காரன். "வந்துட்டியா குப்பைக்காரா, செத்துக் கித்துப் போயிட்டியோன்னு பார்த்தேன்" என்பாள் தெல்மா. அந்தப் பேச்சுக்காகவே செவ்வாயும் வெள்ளியும் சவரம் செய்துகொண்டான். முதலில் ஒரு சீட்டுக்கே கண் தடுமாறியது. இப்போது ஆறையும் ஒரே வீச்சில் மேய்ந்துவிடுகிறான். மறந்துபோன பெயர்கள்கூட இடையிடையே தானாக வந்து நிற்கின்றன. ராத்திரி தூக்கம் வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஜலதோஷம் என்று வராமல் இருந்தபோது பாலின் போன் போட்டு, "ஏம்ப்பா, நாற்காலி காலியா இருக்கு, உயிரோடதான இருக்க?" என்று கேட்டாள். அந்த போனை வைத்தபிறகு அவன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வெறும் எழுபது" என்றான் கிரெய்க்.

பச்சைப் பொட்டு. இடி இல்லை.

அவனுக்கு இன்னும் ஓர் எண்தான் பாக்கி. நான்காவது சீட்டில் அறுபத்திரண்டு. அது வந்துவிட்டால் முழுச் சீட்டும் நிரம்பி, இன்றைய மத்தியானத்தின் பெரிய பரிசு அவனுக்கு. இந்த இரண்டு வருஷத்தில் அவன் முழுச் சீட்டு ஜெயித்ததே இல்லை. ஆசை இருந்தது உண்மை. ஆனால் அது இப்போது எங்கோ தூரத்தில் இருந்தது.

கண்ணை மட்டும் நகர்த்தினான். தெல்மாவின் கை தாளின் மேல்தான் இருந்தது. தடித்த மைப்பேனா அவள் விரலுக்குள்தான் இருந்தது. ஆனால் பேனாவின் முனை எழும்பாமல் ஓர் இடத்திலேயே அழுந்தியிருந்தது. அவளுடைய ஊதா மை எண்பத்துமூன்றில் இறங்கி, கட்டத்தைத் தாண்டி, அடுத்த கட்டத்தையும் நனைத்துக்கொண்டு வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. எண்பத்துமூன்றை இன்னும் யாரும் கூப்பிடவே இல்லை.

"தெல்மா" என்றான், உதடு அசையாமல்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பாலின் பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா இருய்யா. ரெண்டுதான் வேணும் எனக்கு" என்றாள். அவள் தலை நிமிரவே இல்லை. மண்டபத்தில் எந்தத் தலையும் நிமிர்ந்திருக்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது இங்கே இருமுகிறவன்கூட கைக்குட்டைக்குள்தான் இருமுவான்.

"தனியா நிக்கிற அஞ்சு."

நெவில் பொட்டு வைக்கவில்லை. கையைத் தூக்கினான். சுவரோரம் நின்றிருந்த மோய்ரா, சீட்டுச் சரிபார்க்கிறவள், பார்த்தாள். தேநீர் கேட்கிறான் என்று நினைத்து, ஆட்டம் முடியட்டும் என்று உள்ளங்கையைக் காட்டினாள். அவன் விரலால் தெல்மாவைச் சுட்டினான். மோய்ரா அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

எழுந்து நின்று கத்தலாம். என்னவென்று கத்துவது? இவளுக்கு ஒன்றும் இல்லை என்றால்? கை மரத்துப்போய் ஒரு நிமிஷம் சும்மா வைத்திருக்கிறாள் என்றால்? போன குளிர்காலத்தில் மண்டபத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, "பாட்டிம்மா, படி இறங்கக் கை கொடுக்கட்டுமா" என்று கேட்டதற்கே தெல்மா அந்தப் பெண்ணை அழ வைத்து அனுப்பினாள். இருநூறு பேர் நடுவில் அவளை நோயாளி ஆக்கிக் காட்டினால் இந்த ஜன்மத்துக்கு அவனோடு பேசமாட்டாள். இந்த நாற்காலி போய்விடும். மறுபடியும் அந்த வீடு, அந்தச் சுவர், வாயைத் திறந்தால் வருகிற காற்று.

"ரெண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு."

மண்டபத்தில் மெல்லிய முணுமுணுப்பு. நிறையப் பேர் நெருங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஊதா வட்டம் இப்போது ஒரு பென்னி நாணயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. தெல்மாவின் உதட்டோரத்திலிருந்து எச்சில் ஒரு நூலாக இறங்கி, தாளின் மேல் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. லிப்ஸ்டிக் கலைந்தால்கூடக் கைக்கண்ணாடியை எடுக்கிறவள்.

கிரெய்க்கின் கை அடுத்த பந்துக்குப் போனது. அவனை நடுவில் நிறுத்தக்கூடிய சொல் இந்த மண்டபத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, முழுச் சீட்டு நிரம்பியவன் கத்துகிற சொல். அதைச் சொன்னால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும், விளக்கெல்லாம் எரியும், மோய்ரா ஓடி வந்தே ஆகவேண்டும். சீட்டு நிரம்பாமல் அதைச் சொல்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதும் நெவிலுக்குத் தெரியும். அவன் தாள் அந்த ஆட்டத்திலிருந்து தள்ளுபடி. அது பரவாயில்லை. ஆனால் பேர் கெட்டுவிடும். அப்படி அவசரப்பட்டுக் கத்திய ஒருத்தன், எல்லாரும் பண்ணின கிண்டல் தாங்காமல், ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறு மண்டபத்துக்கே போய்விட்டான்.

"ஹவுஸ்" என்றான் நெவில்.

அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பழைய சினிமாக் கொட்டகை, கூரை உயரம், குரல் மேலே போய் முட்டித் திரும்பியது.

பேனாக்கள் மேஜைமேல் விழுகிற சத்தம். "த்சூ" என்று பாலின் சூள் கொட்டினாள். "ஹவுஸ் கேட்டாச்சு, ஆட்டம் நின்னாச்சு" என்று கிரெய்க் ஒலிபெருக்கியில் சொன்னான். விளக்குகள் எரிந்தன. மோய்ரா மேஜைகளுக்கு நடுவே இடுப்பை வளைத்து வளைத்து வந்தாள், முகத்தில் சிரிப்போடு.

"அப்பாடா, குப்பைக்காரனுக்கும் ஒரு நாள் விடிஞ்சுது. குடு பார்ப்போம்." தாளைக் கையில் எடுத்தாள். சிரிப்பு போய்விட்டது. "அறுபத்திரண்டு இல்லையேப்பா. இன்னும் வரல."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சா கத்தின?"

"என் பேப்பரைப் பாக்காத மோய்ரா. அவளைப் பாரு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பொய் ஹவுஸா? இதுக்குத்தான் ஆம்பளைங்கள உள்ள விடக்கூடாதுங்கறது." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

விளக்கு எரிந்ததாலோ சத்தத்தாலோ தெல்மா மெதுவாகத் திரும்பினாள். அவள் முகத்தின் இடது பாதி நெவிலை முறைத்தது. அவனுக்குத் தெரிந்த முறைப்புதான் அது. வலது பாதியோ, இழுத்துக் கட்டியிருந்த நூல் அறுந்துபோன மாதிரி, சும்மா தொங்கியது. அவள் ஏதோ சொன்னாள். திட்டுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. சொற்கள் வாய்க்குள் கூழாகிவிட்டன.

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பாலின் எழுந்த வேகத்தில் அவள் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "ஐயோ, தெல்மா" என்றாள் சின்னக் குரலில். மோய்ரா தாளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள். "தெல்மா, என்னைப் பாருடா தங்கம். ரெண்டு கையையும் தூக்கு பார்ப்போம்." இடது கை தூக்கியது. வலது கை பேனாவை விட்டுவிட்டுத் தாளின்மேல் கிடந்தது. மேடையில் கிரெய்க் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான்.

ஆம்புலன்ஸ் வந்துசேர்கிற வரைக்கும் நெவில் அவள் தோளைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தப்பித்தவறிக்கூட அவள் கையைத் தொடவில்லை. தொட்டால் அடிப்பாள் என்ற பயம் அப்போதும் போகவில்லை. மண்டபத்தில் இப்போது எல்லாத் தலையும் நிமிர்ந்திருந்தது.

வந்தவர்களில் பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி தெல்மாவின் கண்ணில் விளக்கடித்துக்கொண்டே கேட்டாள். "பக்கவாதம் மாதிரி இருக்கு. எப்ப ஆரம்பிச்சுது? கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? அது தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்கறதா வேணாமான்னு அங்க முடிவெடுப்பாங்க."

"முப்பத்தொன்பது வந்தப்ப நல்லாத்தான் இருந்தா" என்றாள் பாலின். "எந்தக் கழுதை இந்த எண்ணைக் கூப்பிட்டுதுன்னு கிரெய்க்கைத் திட்டினா. என் காதால கேட்டேன்."

"அதுக்கு அடுத்தது பதினொண்ணு" என்றான் நெவில். "விசில் வரல."

"ஆமா, வரல" என்று பக்கத்து மேஜைக்காரி சொன்னாள். "ஜெயிக்கப்போறா போல, அதான் மூச்சுப் பிடிச்சு உக்காந்திருக்கான்னு நான் நெனச்சேன்."

அந்தப் பெண் குழம்பிப்போனாள். "எனக்கு நம்பர் வேணாம்ங்க. நேரம் வேணும்."

"இருங்க" என்று கிரெய்க் மேடைக்கு ஓடினான். ஒவ்வொரு பந்தும் எப்போது வந்தது என்று அந்த இயந்திரம் குறித்துவைக்கும். முப்பத்தொன்பதுக்கும் பதினொன்றுக்கும் நேரத்தைப் படித்துச் சொன்னான். அந்தப் பெண் கையுறையின்மேலேயே எழுதிக்கொண்டாள். "தனியா இருக்கறவங்களா?"

"தனியாத்தான்" என்றாள் பாலின். "பையன் ஆஸ்திரேலியால."

"அந்த மாதிரி ஆளுங்க வீட்டுக்குப் போனா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருமே இருக்கமாட்டாங்க. மறுநாள் காலைல தபால்காரன் பார்த்துச் சொல்லுவான்." அவள் நெவிலைப் பார்த்தாள். "நீங்க வீட்டுக்காரரா?"

"அப்படி மட்டும் சொல்லிடாதம்மா. இந்த நிலைமையிலயும் எழுந்து அடிப்பா" என்றாள் பாலின். சொல்லிவிட்டு அழுதாள்.

"முழுப்பேர் என்ன இவங்களுக்கு?"

நெவில் வாயைத் திறந்தான். தெரியவில்லை. எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றும் தெரியாது. பாலின் அவள் கைப்பையைத் திறந்து உறுப்பினர் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் படுக்கையை உருட்டிக்கொண்டு போகும்போது யாரும் சொல்லாமலேயே நெவில் பின்னால் போனான். கதவருகே மானேஜர், ஆட்டத்தைத் தொடரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு யாரோ ஒரு கிழவி, "நடத்துங்க. பாதியில நிறுத்தினது தெரிஞ்சா தெல்மா நம்மள உயிரோட விடமாட்டா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். தெல்மாவின் தலையைப் படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டர் பெண் ஒருத்தி வந்து, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, அதைக் கரைக்கிற மருந்து ஏற்றியிருக்கிறோம் என்றாள். "நேரம் சரியாத் தெரிஞ்சதால குடுக்க முடிஞ்சுது. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. பொறுத்துத்தான் பாக்கணும்."

பொறுத்திருந்தான். அந்தத் தாழ்வாரத்தில் அவன் ஏற்கெனவே ஒரு தடவை பொறுத்திருந்திருக்கிறான், ஐரிஸுக்காக. அப்போதும் இதே மாதிரி சாம்பல் நிற நாற்காலிதான். அன்றைக்கு யாரும் நல்ல சேதி கொண்டுவரவில்லை. தரையில் ஓடுகிற நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறந்தபோதும் எழுந்து நின்றான். இரண்டு தடவை வேறு யாருக்கோ திறந்தது.

சாயங்காலமாகப் பாலின் பஸ் பிடித்து வந்தாள். அவன் மறந்துவிட்டு வந்த கோட்டைக் கொண்டுவந்திருந்தாள். மழையில் அவள் தலை நனைந்திருந்தது.

"சேதி?"

"இல்ல இன்னும்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன், "ஆட்டம் யாருக்கு?" என்று கேட்டான். ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

"கிளீதோர்ப்ஸ் ஊர்க்காரி ஒருத்தி."

"எந்த நம்பர்ல?"

பாலின் எதிரே இருந்த தேநீர் இயந்திரத்தைப் பார்த்தாள். "கவனிக்கல" என்றாள். இருபது வருஷமாக ஓர் எண்ணையும் கவனிக்காமல் விட்டவள் இல்லை அவள். அறுபத்திரண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து நெவில் மறுபடி கேட்கவில்லை.

"நான் எதிர்லயே உக்காந்திருந்தேன்ப்பா" என்றாள் பாலின். "ரெண்டு நம்பர் வேணும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னை வாயை மூடுன்னு வேற சொன்னேன்."

"எனக்கும் உடனே வாய் வரலையே. நாலு நம்பர் போகவிட்டுட்டேன்."

"எதுக்குய்யா?"

"அவ கோவிச்சுப்பான்னு பயந்தேன்."

பாலின் மூக்கை உறிஞ்சினாள். "நியாயமான பயம்தான்."

கதவு திறந்தது. அந்த டாக்டர் பெண்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "யாராவது ஒருத்தர் வாங்க" என்றாள். பாலின் நெவிலின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

திரைக்குப் பின்னால் தெல்மா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. லிப்ஸ்டிக்கை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். அது இல்லாமல் அவள் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கை கொஞ்சம் அசையுது" என்றாள் டாக்டர். "பேச்சுதான் பாக்கணும். என்ன சொன்னாலும் பதில் இல்ல. புரியுதா இல்லையான்னே தெரியல. தெரிஞ்ச குரல் கேட்டாத் தேவலாம். ஏதாவது பேசுங்க."

என்ன பேசுவான். இரண்டு வருஷத்தில் பேசியதெல்லாம் அவள்தான். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"தெல்மா, நான்தான்" என்றான். "உன் பேப்பரை நான் பார்த்தேன். நல்லாவே பார்த்தேன். இருநூறு பேருக்கு முன்னாடி பொய்யா ஹவுஸ் கத்தினேன். உன்னைத் தூக்கிட்டுப் போறத அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தாங்க. உன் கைப்பையைத் தொறக்கவிட்டு உன் முழுப்பேரையும் தெரிஞ்சுக்கிட்டேன். பிளெங்கின்சாப். இப்படி ஒரு பேரை வெச்சுக்கிட்டுத்தான் என்னைக் குப்பைக்காரன்னு சொன்னியா?"

டாக்டர் அவனைத் திகைப்போடு பார்த்தாள். கட்டிலில் ஓர் அசைவும் இல்லை. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாழ்வாரக் கோடிவரை போய் அடங்கியது.

தெல்மா கண்ணைத் திறந்தாள். தேடினாள். அவன் இருந்த இடத்தைப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிடித்ததும் புருவம் இறங்கியது, இடதும் வலதும், வலது சற்றுப் பின்தங்கி. உதடு கோணிக்கொண்டு அசைந்தது. வரவில்லை. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அவசரமில்ல" என்றாள் டாக்டர்.

தெல்மா டாக்டரையும் ஒரு முறை முறைத்துவிட்டு நெவிலிடம் திரும்பினாள்.

"போ" என்றாள்.

சுத்தமாக வந்தது. ஓர் எழுத்துதான் என்றாலும் கூழாகாமல் வந்தது.

நெவில் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் வலது பக்கமாக உட்கார்ந்தான். "போகமுடியாது" என்றான். "இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்."